தெற்குக்கு ஒரு வினாடி

சால்வு கமில்லெரி இயர்போன் வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அவருடைய இடது கால் என் மடியில் இருக்கும். திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணிக்கு இதுதான் வேலை. கணுக்காலுக்கு மேலே நான்கு ஆண்டுகளாக ஆறாத புண். நான் பழைய கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரால் கழுவி, புதுக் கட்டைச் சுற்றி முடிப்பதற்குள் அவர் அறுந்த வயரை ஒட்டி, ஊதி ஆறவைத்து, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துவிடுவார். வலிக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. காதில் இன்னொரு இயர்போன் இருக்கும்.

"நர்ஸம்மா, நிமிஷம் திரும்பப் போவுது. கொஞ்சம் வாயை மூடு."

நான் நர்ஸ் இல்லை. முதியோர் இல்லத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்தவள். இதை அவரிடம் நூறு முறை சொல்லியாயிற்று.

சால்வுக்கு வயது எழுபத்தொன்று. குட்டையான, அகலமான மனிதர். குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டைதான், கட்டுக்கு வசதியாக இருக்குமாம். காதில் பென்சில் செருகியிருப்பார். மதியச் சாப்பாடு நின்றுகொண்டே: துருவிய கேரட்டும் சீஸும் வைத்த ரொட்டி. சாப்பிடும்போது பேசுவார், பேசும்போது எதிராளியைப் பார்க்கமாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அது தவறாக இருந்தால், யார் வீடாக இருந்தாலும், நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்வார். ஒரு துக்க வீட்டில் அப்படிச் செய்ததை நானே பார்த்தேன். மனைவி கார்மனா ஆண்டில் பாதியை அடிலெய்டில் மகள் வீட்டில் கழிக்கிறாள். சமையலறையில் இருபத்துநான்கு மணி நேரமும் 'டிக் டிக்' என்று கேட்டால் நானும் அதைத்தான் செய்வேன்.

சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவர். அந்தக் காலத்தில் காலைச் சங்கு மூன்று நிமிடம் முன்னதாக ஊதுகிறது, மாலைச் சங்கு இரண்டு நிமிடம் தள்ளி ஊதுகிறது என்று அவருக்குச் சந்தேகம். ஒரு சிற்றலை வானொலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், சுரங்க வாசலில் உட்கார்ந்து, நேர ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு சங்கின் பிழையையும் மதில்மேல் சுண்ணக்கட்டியால் எழுதினார். அழித்தார்கள். மறுநாளும் எழுதினார். பத்தொன்பதாம் நாள் சங்கு சரியாக ஊதியது. தொழிற்சங்கம் அவருக்கு நன்றிக் கடிதம் கொடுத்தது. அதில் போட்டிருந்த தேதி தவறு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் பார்ப்பது புறாக்களின் நேரம். எங்கள் புரோக்கன் ஹில்லில் சுரங்க மேடு ஊரை இரண்டாக வெட்டுகிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் வடக்குப் புறாச் சங்கம், அந்தப் பக்கம் தெற்குப் புறாச் சங்கம். வடக்கின் கடிகாரப் பொறுப்பாளர் சால்வு. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வேலை. நான் அதே சங்கத்தின் உறுப்பினர். தேநீரும் முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பு.

பந்தயப் புறாவின் காலில் ஒரு வளையம் இருக்கும். அது வீடு திரும்பிக் கூண்டுப் பலகையில் கால் வைத்ததும், உரிமையாளர் வீட்டிலுள்ள சிறு பெட்டி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பெட்டிக்குள் இருப்பது சாதாரணக் கடிகாரம்தான். அது முந்தும், பிந்தும். அதனால் பந்தயத்துக்கு முன் எல்லாப் பெட்டிகளையும் சங்கத்துக்குக் கொண்டுவந்து சங்கத்துக் கணினியின் நேரத்தோடு ஒட்டவைப்பார்கள். பந்தயம் முடிந்ததும் மறுபடி கொண்டுவந்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். ஆகவே எல்லாம் அந்த ஒரு கணினியின் கையில். எங்கள் சங்கத்தில் அது சால்வு தன் காசில் வாங்கிவைத்தது. அந்தக் கணினி யார் பேச்சைக் கேட்கிறது என்பதுதான் அவர் வாழ்க்கை.

அது ஹவாய்த் தீவு ஒன்றின் பேச்சைக் கேட்கிறது. அங்கிருந்து இரவும் பகலும் வினாடிக்கு ஒரு டிக் சிற்றலையில் வருகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெண்குரல் நேரம் சொல்லும். சால்வு வானொலியின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கணினியின் மைக் துளையில் செருகியிருக்கிறார். கணினிக்குள் இருக்கும் நிரல் அந்த டிக்குகளைக் கேட்டு, தன் கடிகாரத்தை மெல்ல இழுத்து நிறுத்துகிறது. வெடுக்கென்று மாற்றாது. ஒரு டிக்கைக் கேட்டதும் நம்பிவிடவும் செய்யாது. மணிக்கணக்கில் கேட்டு, இரைச்சலைத் தள்ளிவிட்டு, பிறகுதான் ஒப்புக்கொள்ளும். அதனாலேயே எனக்கு அந்த நிரலைப் பிடிக்கும். நாடியைப் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குகிற பெண்களை எனக்கு ஆகாது. முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

டிக் இங்கே வந்துசேர ஒரு வினாடியில் நூறில் மூன்று பங்கு ஆகிறது. அதையும் கணக்கிட்டுக் கணினிக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இணையத்திலேயே நேரம் கிடைக்கும்போது கூரைமேல் ஏரியலுக்கு இத்தனை கம்பி எதற்கு என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

"நெட்டு, யாரோ சொன்னதை இன்னொருத்தன் வந்து சொல்றது. இது நேரா காதுல விழுது. உன் பொண்டாட்டி சொன்னதை நீ பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயா கேட்டுக்குவே?"

கடிகார அறை முன்பு ஆண்கள் கழிப்பறையாக இருந்தது. ஒருவர் உட்காரலாம், இரண்டாமவர் வாசலில் நிற்கலாம். அதற்கு அடுத்த சுவரில் சங்கத்தின் பீரைக் குளிரவைக்கும் பெட்டி. அதன் மோட்டார் ஓடினால் வானொலியில் கர்ரென்று இரைச்சல், அதனால் பெட்டிகளை ஒட்டிப் பார்க்கும் இரண்டு மணி நேரமும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். வெயில் காலத்தில் நாற்பத்துமூன்று பாகையில் சூடான பீரைக் குடித்தவர்கள் இதை மறக்கவில்லை. சங்கத் தலைவர் ரெக்ஸ் ஹாக்கிங், டயர் கடைக்காரர், நல்ல மனிதர், நல்ல புறாக்காரர். சென்ற ஜூனில் அவர் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: வானொலியையும் கம்பியையும் அகற்றிவிட்டு, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் சிறு பெட்டி ஒன்றை வாங்குவது, ஓட்டெடுப்பு ஜூலை முதல் தேதி மாலை. சால்வு அதைப் படித்தார். அதே பலகையில், பக்கத்திலேயே, தன் அறிவிப்பை ஒட்டினார்.

அதில் இருந்தது இது. பூமி சுற்றுவதில் கொஞ்சம் சுணங்குகிறது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகம் முழுவதும் கடிகாரங்களில் ஒரு வினாடி கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இந்த ஆண்டு, 2012இல், அது நம் நேரத்துக்கு ஜூலை முதல் தேதி காலை ஒன்பதரைக்கு வருகிறது. அதற்கு முந்தைய நிமிடத்துக்கு அறுபத்தோரு வினாடி. இதே தாளைத் தெற்குக்கும் அனுப்பினார். யாரும் பொருட்படுத்தவில்லை. பந்தயம் சனிக்கிழமை, அதாவது ஜூன் முப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை என்ன ஆனால் யாருக்கென்ன? யாரோ பென்சிலால் கீழே எழுதியிருந்தார்கள்: 'ஹவாய்க்காரி ஒரு முத்தமும் கூடுதலாகத் தருவாளா?' சால்வு அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

தெற்கின் கதை வேறு. எங்கள் ஊர் சிட்னி அரசின் கீழே இருந்தாலும் கடிகாரத்தை அடிலெய்டோடு வைத்துக்கொள்கிறது. சிட்னிக்கு அரை மணி பின்னால். தெற்கின் கணினி சிட்னியில் வாங்கியது. இணையத்தில் செருகும்போதெல்லாம் அது அரை மணி முன்னால் குதித்து நிற்கும். இரண்டு பந்தயங்கள் அப்படிக் கெட்ட பிறகு, அங்கே கடிகாரப் பொறுப்பிலிருந்த வெஸ்னா பிலிச் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். வெள்ளி மாலையில் சமையலறை வானொலியின் செய்தி நேரத்தைக் கேட்டு அவளே கையால் நேரம் வைப்பாள். "சிட்னிக்காரன் நேரத்தைக் கட்டிக்கிட்டு நாம எதுக்கு அழணும்?" என்றாள். வடக்கிலும் கைதட்டினார்கள். மேட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான்.

வெஸ்னா தபால் வண்டி ஓட்டுகிறவள். நாற்பத்தைந்து வயது. ஏழு பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் சங்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரு சங்கங்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பந்தயத்தின் கோப்பை ஆறு ஆண்டுகளாக வடக்கிலேயே இருந்தது. நான்கு முறை ரெக்ஸ் வீட்டில். ஜூன் முப்பதாம் தேதிப் பந்தயம் அந்தக் கோப்பைக்குத்தான்.

சனிக்கிழமை புழுதிக் காற்று. பந்தயம் தொடங்கும் மரீ ஊரில் புறாக்களைத் திறந்துவிடவில்லை, பந்தயம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. பெட்டிகள் வெள்ளி மாலையே ஒட்டவைக்கப்பட்டு அவரவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிறு காலை ஏழே முக்காலுக்குப் புறாக்கள் கிளம்பின. அப்படித்தான் அந்தக் கூடுதல் வினாடி, புறாக்கள் வானத்தில் இருக்கும்போது வந்தது.

நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். சால்வு கூப்பிட்டார். போகாவிட்டால் கத்துவார் என்று போனேன். என் மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தை வானொலியோடு சரிபார்த்து வைக்கச் சொன்னார். இயர்போன் ஒன்றை என் காதில் செருகினார். டிக், டிக் என்று வந்தது. அந்தப் பெண் நேரம் சொன்னாள். என் முள் ஒன்பதரையைத் தொட்டது. நிமிடம் திரும்பும் நீண்ட ஓசை வரவில்லை. முள் ஒரு கட்டம் தாண்டிய பிறகு வந்தது.

சால்வு கணினித் திரையைக் காட்டினார். அது என் கடிகாரத்துக்கு ஒரு வினாடி பின்னால், வானொலியோடு ஒட்டி நின்றது. இப்படி ஒரு வினாடி வரும் என்று முன்பே அதற்குச் சொல்லிவைத்திருந்தாராம், அதுவும் காத்திருந்திருக்கிறது. நோட்டில் எழுதிவிட்டு, தேநீர் எங்கே என்று கேட்டார்.

மதியம் ஒன்றேகாலுக்கு மேல் புறாக்கள் வந்தன. ரெக்ஸின் நீலச் சேவல் நேராக வந்து இறங்கியது. வெஸ்னாவின் புள்ளிப் பெட்டை அவள் வீட்டுத் தகரத்தின்மேல் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுத்தான் கூண்டுக்குள் போனதாம். மாலை ஐந்துக்கு மற்ற வடக்குக்காரர்கள் ஒன்பது பேரும் பெட்டிகளோடு வந்தார்கள். சால்வு ஒவ்வொன்றையும் கணினியோடு ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பெட்டியும், தன் வழக்கமான சில்லறைப் பிழை போக, சரியாக ஒரு வினாடி முன்னால் நின்றது. அவற்றுக்குத்தான் காலையில் நடந்தது தெரியாதே. விதிப்படி எல்லோருக்கும் ஒரு வினாடி கழித்தார். ரெக்ஸ் சிரித்தார். "சும்மா வர்ற வினாடியை யாரு வேணாம்பா?"

ஆறு மணிக்கு வெஸ்னா தெற்கின் தாளோடு வந்தாள். அவர்களுடைய பெட்டிகளும் முன்னால்தான் நின்றிருக்க வேண்டும். ஆனால் அவை ஒட்டிப் பார்க்கப்பட்டது வெள்ளிக்கிழமை கையால் வைத்த கணினியோடு. அதற்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு குருடர்கள் தோள்மேல் கை போட்டு நடந்ததுபோல் எல்லாம் பொருந்தியிருந்தது. கழிக்க எதுவும் இல்லை.

ஒவ்வொரு கூண்டுக்கும் தூரம் வேறு. தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் பார்த்தார்கள். ரெக்ஸின் சேவல் முதல், வெஸ்னாவின் பெட்டை இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே இருந்ததை நேரமாகச் சொன்னால் அரை வினாடிக்கும் குறைவு. கைதட்டினார்கள். வெஸ்னாவும் தட்டினாள். இந்த ஆண்டு பந்தயத்தை முன்னின்று நடத்துவது வடக்கு. அதனால் முடிவுத் தாளில் வடக்கின் கடிகாரப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ரெக்ஸ் பேனாவை நீட்டினார்.

சால்வு அதை வாங்கவில்லை. "அவங்களுக்கு ஒரு வினாடி கழிக்கலையே."

"அவங்க பெட்டி அவங்க கம்ப்யூட்டரோட பொருந்துது, பெருசு. விதி அவ்வளவுதான்."

"விதி சரி. அவங்க கம்ப்யூட்டர் தப்பு."

"அது அவங்க பாடு."

"அவங்களுக்கும் கழி. இல்லன்னா நமக்குக் கழிச்சதைத் திருப்பிக் குடு. ரெண்டுல எதைப் பண்ணாலும் வெஸ்னா புறாதான் முதல்."

யாரோ, காலையில் அப்படி ஒரு வினாடி வந்ததற்கு என்ன சாட்சி, ஹவாய்க்காரி இவர் காதில் மட்டும்தானே பேசுவாள் என்று முணுமுணுத்தார். நானும் கேட்டேன் என்று சொன்னேன். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. படுக்கையில் கிடந்த இவர்கள் தாய்மார்களை எல்லாம் குளிப்பாட்டியவள் நான்.

ரெக்ஸ் சால்வைத் தேநீர் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை. ரெக்ஸ் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஏழாவது ஆண்டாகக் கோப்பையை விட மனமில்லை, அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அண்ணே, உனக்கே தெரியும், இன்னிக்கு ஓட்டு விழுந்தா உன் ரேடியோ போயிடும். இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. அந்த அறிவிப்பை நானே கிழிச்சுடறேன். நீ இருக்கிற வரைக்கும் அந்த ரூம்ல யாரும் கை வைக்கமாட்டாங்க. எழுதியே குடுக்கறேன்."

சால்வு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் அந்தக் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறார். ரெக்ஸ் சொன்னதில் பொய் இல்லை: கையெழுத்துப் போட்டால் வானொலி நிற்கும், போடாவிட்டால் போகும். மூன்று பேருக்கும் அது தெரியும்.

"அந்த ரேடியோ எதுக்கு ரெக்ஸு?" என்றார் சால்வு. "இந்த மாதிரி ஒரு நாளுக்குத்தானே?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். தாளை மேசைமேல் விரித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, தெற்கின் ஏழு பெயர்களுக்கும் நேராக ஒவ்வொரு வினாடி கழித்தார். புது வேகங்களைக் கையால் வகுத்தார். அது பதினைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் ஓட்டெடுப்பை வைத்துக்கொள்ளலாம், பிறகு புதுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போடட்டும் என்று ரெக்ஸின் மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். ரெக்ஸ் தலையசைத்து மறுத்துவிட்டார். அவரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் பெயர் மாறியது. சால்வு பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டு, தாளை வெஸ்னாவிடம் நீட்டினார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் கேட்டேனா? வடக்குக்காரன் பிச்சை போட்ட கோப்பையைத் தூக்கிக்கிட்டுப் போனா, தெக்குல எவன் முகத்துல நான் முழிக்கறது?"

"பிச்சை போட நான் யாரு? உன் புறா கோழி மாதிரி இருக்கு. கூரைமேல உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு வருது. உன் கம்ப்யூட்டரு கழுதை. வயரைப் புடுங்கினவளும் நீதான், நான் அனுப்பின தாளைப் படிக்காதவளும் நீதான்." மூச்சு வாங்கினார். "ஆனா அந்த ஒரு வினாடி உன்னோடது. அதை நான் வெச்சுக்க முடியாது. எடுத்துட்டுப் போ."

வெஸ்னாவுக்கு முகம் சிவந்தது. ஏதோ திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். கோப்பையை அன்றே எடுத்துக்கொண்டு போகவில்லை. நாளைக்கு வண்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அடுத்தது ஓட்டு. ரெக்ஸ் அறிவிப்பைப் படித்தார். யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார். சால்வு எழுந்தார். நீளமாகப் பேசுவார் என்று எல்லோரும் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

"நேரத்தைக் கை தூக்கி முடிவு பண்ண முடியாது. ரேடியோவை வேணும்னா பண்ணுங்க." உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது கைகள் உயர்ந்தன. எதிராக அவர் கை, என் கை. மறுநாள் மதியத்துக்குள் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். யாரும் ஏளனம் செய்யவில்லை. இரண்டு பேர் வந்து அவர் தோளைத் தட்டினார்கள். அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். யாரோ பீர்ப் பெட்டியின் பிளக்கைச் செருகினார்கள். மோட்டார் உறுமத் தொடங்கியது. அறைக்குள் அந்தப் பெண்ணின் குரல் இரைச்சலில் மூழ்குவது வெளியே வரை கேட்டது. சால்வு எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இது என் ரூம்" என்றார். பீர் சூடாகத்தான் குடித்தார்கள்.

வீட்டுக்கு என் காரில் கொண்டுபோய் விட்டேன். நாள் முழுக்க நின்றதில் கட்டு நனைந்திருந்தது. காலை உயரத்தில் வைத்துப் படுக்கச் சொன்னேன், நாளைக் காலை எட்டு மணிவரை நடக்கக்கூடாது என்றேன். சரி என்றார். அவர் சட்டென்று சரி என்றாலே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை எட்டுக்குப் போனால் வீட்டில் ஆள் இல்லை. சங்கத்துக்குப் போனேன். கடிகார அறை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சாவி கதவிலேயே தொங்கியது. கணினி இல்லை, வானொலி இல்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கூரைக்கு ஓடிய கம்பியும் இல்லை. அதைக் கட்டியிருந்த பீங்கான் குமிழ்களைக்கூட விட்டுவைக்கவில்லை. டயர் கடை வாசலில் ரெக்ஸ் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே மேட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். விடிவதற்கு முன்னால் தள்ளுவண்டியோடு சால்வு போனதைப் பார்த்தாராம். உதவட்டுமா என்று கேட்டதற்குத் திட்டு வாங்கினாராம்.

தெற்குச் சங்கத்தின் தகரக் கொட்டகை வாசலில் தபால் வண்டி நின்றது. வெஸ்னா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை முகட்டில் சால்வு, பறக்கும் சட்டையோடு, வாயில் இரண்டு பீங்கான் குமிழ்களைக் கவ்விக்கொண்டு.

"நாங்க யாரும் கூப்பிடல, ஐலீன் அக்கா" என்றாள் வெஸ்னா. "ஆறரைக்கெல்லாம் ஏறிட்டாராம். பூட்டில்லாத கதவுதானே, திறந்து பாத்தா மேசைமேல அவர் கம்ப்யூட்டரு. எங்களுத ஓரமாத் தூக்கி வெச்சிருக்காரு." பிறகு மேலே பார்த்துக் கத்தினாள். "யோவ் கிழவா, வடக்குக்காரனை நாங்க உறுப்பினரா சேத்துக்கறதில்ல. எங்க விதியிலயே இருக்கு."

சால்வு குமிழ்களைக் கையில் துப்பினார். "நான் சேர வந்தேன்னு யாரு சொன்னா?"

இறங்கச் சொன்னேன். கால் அழுகினால் அடிலெய்டுக்குத்தான் கொண்டுபோவார்கள், அங்கே கூரையெல்லாம் உயரம், ஏறவிடமாட்டார்கள் என்றேன். காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கம்பியின் கடைசி முனையைக் கொடிக் கம்பத்தில் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து, தன் முழு எடையையும் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இன்னும் ஒருமுறை இழுத்தார்.